கடைசி ‘ம்’

“வாயில இருக்கிற கூடைய எடுத்துடவா மேடம்? கம்ப்யூட்டர்லயே எடுத்துடலாம். அஞ்சலி பேனர்ல மொகம் தெரியணும்ல,” என்றார் சிதம்பரத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போனில்.

“வேணாம்ணா. அது இல்லன்னா எங்க அக்காவ யாருக்கும் அடையாளம் தெரியாது,” என்றாள் சத்யப்பிரியா.

உள்ளே அக்கா வெண்மதி கிடந்தாள். காலையில் நெஞ்சைப் பிடித்தவள், கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். வயது நாற்பத்தொன்று. கிள்ளை உப்பங்கழியில் கழுத்துவரை மூழ்கித் தவழ்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களில் அவள்தான் முதல் ஆள். பிடித்ததைப் போடும் கூடைதான் ஓலைப்பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும்.

டிப்ளமோ படித்து, தோழி அம்ரீனோடு சேர்ந்து தன் ஜனங்களின் கதையை வீடியோ கேமாக்கக் கிளம்பிய சத்யப்பிரியாவுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. அவளுடைய நாயகி தண்ணீரில் இருந்தபடி இருபத்தேழு பக்கம் வசனம் பேசினாள். அக்கா பத்து நிமிஷம் பார்த்தாள்.

“வாயில பறி இருக்கு. இவ எதால பேசுறா?”

வசனம் முழுக்கப் போயிற்று. பதிலுக்கு வெண்மதி கட்டிலில் உட்கார்ந்து, பறியைக் கடித்தபடி, விதவிதமாய் ‘ம்’ பதிவு செய்து கொடுத்தாள். இங்கே இறால் இருக்கு என்பதற்கு ஒரு ‘ம்’. முள்ளுக்கு ஒன்று. பாம்புக்குக் குட்டையாய் ஒன்று. உன் மாமியார் நேற்று அப்படியா சொன்னாள் என்பதற்கு நீளமாய் ஒன்று.

ஒன்றை மட்டும் தரவில்லை. தண்ணீர் ஏறும்போது ‘போதும், கரையேறுங்க’ என்று ஒருத்தி சொல்லும் கடைசி ‘ம்’. மற்றவர்கள் பதில் ‘ம்’ சொல்லி ஏறுவார்கள். சொன்னவள் எல்லாருக்கும் பின்னால்தான் ஏறுவாள். பல வருஷமாய்ச் சொன்னவள் வெண்மதி.

“கட்டில்ல உக்காந்து சொன்னா எவடி ஏறுவா? தண்ணிக்கு வா, அங்க சொல்றேன்.”

தங்கைக்கு நேரமில்லை. அந்தச் சத்தமில்லாமல் கேமுக்கு முடிவே கிடையாது. ஆடுகிறவர் தண்ணீரிலேயே கிடக்க வேண்டியதுதான். தானே சொல்லிப் பார்த்தாள். “பொண்ணு புடிக்கலன்னு மாப்ள வீட்டுல சொல்ற மாதிரி இருக்கு பிரியா,” என்றாள் அம்ரீன்.

மதியம் பேனர் வந்தது. பறியோடு அக்கா. அதைப் பார்த்துப் பைக்கை நிறுத்தி உள்ளே வந்தவர்களிடம், கூட இறால் பிடிக்கும் ரத்தினம்மாள் விளக்கிக்கொண்டிருந்தாள். “போன்ல ஆடுற கேம்ல இவ சத்தந்தான். பாம்பு வந்தா எப்படி சொல்லுவான்னு கேளு. பாப்பா, அதப் போடு.”

சத்யப்பிரியா போட்டாள். பிணத்துக்குப் பக்கத்தில், போனிலிருந்து அக்கா குட்டையாய் ‘ம்’ என்றாள். ரெண்டு பெண்கள் பழக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கழியோரம் புதைத்து, மேட்டின் மேல் பறியை வைத்தார்கள். ஆண்கள் கைகால் கழுவிப் போய்விட்டார்கள். பெண்கள் அசையவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டும்போல என்று சத்யப்பிரியா ஒரு வாக்கியம் தயார் செய்தாள். இருபத்தேழு பக்கம் எழுதியவளாயிற்றே.

“ஏன் யாரும் கெளம்பல?” என்றாள் அம்ரீன் மெதுவாக.

ரத்தினம்மாள் ஏறிவரும் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்தாள்.

சத்யப்பிரியா குனிந்து பறியை எடுத்தாள். விளிம்பில் அக்காவின் பல்தடம். அதில் அவள் பல் சரியாகப் பொருந்தவில்லை. உப்பும் சேறும் நாக்கில் பட்டன. முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி மூச்சிழுத்தாள்.

“ம்…”

“ம்,” என்றாள் ரத்தினம்மாள். அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவள். ஒவ்வொருத்தியாய்ச் சேலையை உதறித் திரும்பி நடந்தார்கள். ஒருநாளும் கழியில் இறங்காத அம்ரீனும் ‘ம்’ சொல்லி அவர்கள் பின்னால் போனாள்.

கடைசி முதுகு கரை மேட்டைத் தாண்டும்வரை சத்யப்பிரியா பறியைக் கடித்தபடி நின்றாள்.