போன கால் வந்த தீபாவளி

வீரராகவனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆவணியில் போய்விட்டது. சர்க்கரை வியாதி தின்றது போக மிச்சத்தை டாக்டர் எடுத்துவிட்டார். போனது போகட்டும் என்று விட்டிருப்பார் மனிதர். ஆனால் அந்தக் கால் போனால்தானே? வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இல்லாத கட்டைவிரல் மடங்கி இழுக்கும், இல்லாத பாதம் அரிக்கும். சொறியக் கை போனால் வெறும் வேட்டிதான் அகப்படும்.

டாக்டரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தார். "ஃபேண்டம் பெயின், நிறைய பேருக்கு வரும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் அவர். பாங்கில் ஆயுசெல்லாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தள்ளிய வீரராகவனுக்கு ஒரு சொல்லைச் சும்மா விட்டுப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டி 'ஃபேண்டம்' என்ன என்று பார்த்தார். பேய், ஆவி. மாயத் தோற்றம். இருப்பதுபோல் தோன்றினாலும் இல்லாதது. படிக்கப் படிக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிக்கிறது என்றால் பொய் என்கிறானா இவன்? டாக்டரே நம்பாததை மனைவி ஷியாமளா எங்கே நம்பப் போகிறாள், புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைப்பாள். அதனால் அவளிடம் மூச்சுவிடவில்லை. வலியைவிட அந்தத் தனிமைதான் அவரை அதிகம் வாட்டியது, பாவம்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி சுப்ரியா பௌதி வாசலில் வரிசையாக அகல் ஏற்றிக்கொண்டிருந்தாள். வங்காளிகளுக்கு அன்று பூத் சதுர்தசி, அதாவது பேய்களுக்கான சதுர்தசி. எதற்கு இத்தனை விளக்கு என்று ஷியாமளா ஜன்னல் வழியே கேட்டாள்.

"போய்ச் சேர்ந்த முன்னோர்கள் இன்று வீட்டைப் பார்க்க வருவார்கள், அக்கா" என்று பௌதி வங்காள மொழியில் சொன்னாள். "இருட்டாக இருந்தால் நம்மை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கமாட்டார்களா?"

பேய்க்குக்கூட இந்த ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது என்று வீரராகவன் நினைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கால் சுரீரென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கீழே கொண்டுபோனவர், ஷியாமளா பார்ப்பதைக் கண்டு வேட்டியைச் சரிசெய்வதுபோல் பாசாங்கு செய்தார்.

மறுநாள் விடியற்காலை எண்ணெய் ஸ்நானம். அதற்கு முன் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து எல்லார் பாதத்திலும் நலங்கு இடுவது அவர்கள் வீட்டு வழக்கம். ஒரே பாதத்தை வைத்துக்கொண்டு அதற்கு உட்கார வீரராகவனுக்கு மனசே இல்லை. ஷியாமளா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மணையைக் காலடியில் போட்டாள். வலது பாதத்தைச் சுற்றிச் சிவப்பாக நலங்கு இட்டாள். முடிந்தது, எழுந்துவிடுவாள் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தை இடது பக்கம் நகர்த்திக்கொண்டு, வெறும் மணைப் பலகையில் இல்லாத பாதத்தின் குதிகாலிலிருந்து கோடு இழுக்க ஆரம்பித்தாள்.

"கட்டைவிரல்தானே இழுக்கறது?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கை அங்கயேதானே போயிண்டிருக்கு. பார்க்காமலா இருப்பேன்?"

"அது இல்லாத காலுடி. டாக்டரே பேய்னுட்டார்."

"இருக்கட்டுமே. ஒத்தைக் காலுக்கு மட்டும் நலங்கு இடற வழக்கம் நம்மாத்துல கிடையாது."

வலி அப்படியேதான் இருந்தது. வீரராகவன் மணையில் இருந்த கோடுகளை எட்டிப் பார்த்தார்.

"சுண்டுவிரல் விட்டுப்போச்சு" என்றார்.

ஷியாமளா குனிந்து, சுண்டுவிரலுக்கும் ஒரு கோடு இழுத்தாள்.