கோமாளி வைத்த பந்தி

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சன்னாசி வாயைத் திறந்தாலே கூலிகள் குடியிருக்கும் லயமே சிரிக்கும். கூத்தில் கோமாளி வேடம் அவனுக்குத்தான். ராஜா செத்துக் கிடக்கும் காட்சியிலும் ஒரு தும்மல் போட்டு ஊரைச் சிரிக்க வைத்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனைப் பிடித்து, ஜப்பான்கார அதிகாரி தன் படத்தில் கண்கலங்கும் அப்பனாக நடிக்கச் சொன்னால், அவன் மனைவி தாயம்மா பயப்படமாட்டாளா? அவனுடைய ஒட்டிய கன்னம் அதிகாரிக்குப் பிடித்துப் போயிற்றாம்.

போன வருஷம் இதே ஆட்கள் வந்து, தோட்டத்துச் சனம் சோறு தின்கிற மாதிரி ஒரு செய்திப்படம் பிடித்தார்கள். கவளத்தை வாயருகே கொண்டுபோகச் சொல்லிப் பிடித்துவிட்டு, ஒரு பருக்கை விடாமல் பானையில் கொட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பாவிகள்! மரவள்ளியைத் தின்றே நாக்கு மரத்துப்போன சனம் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போது அந்தச் செய்திப்படத்தையே கதையாக்குகிறார்களாம். மறுபடியும் அதே பானை.

தாயம்மாவின் கண் பானைமேல்தான் இருந்தது. மகள் மங்கம்மா பிள்ளை பெற்று ஒரு மாதம், பால் ஊறவில்லை. அவளுக்கு ஒரு தட்டுச் சோறு கிடைத்தால் போதும்.

அதிகாரி சொன்னதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி தம்பிராஜா தமிழில் சொன்னார்.

"சன்னாசி, ஒரு கவளம் எடு. நன்றியிலே கண் கலங்கவேணும். ஆனா சாப்பிடக் கூடாது, விளங்கிச்சோ? பகிடி விட்டுச் சிரிக்க வைச்சியெண்டா அறைவான்."

"சரிங்க கிராணி ஐயா."

கேமரா ஓடத் தொடங்கியது. சன்னாசிக்குப் பெண்டாட்டியாகவே நடித்த தாயம்மா பரிமாறினாள். அவன் ஒரு கவளம் எடுத்தான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் திரும்பவில்லை. கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தாடை நடுங்கியது, கண் நிறைந்தது. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் இந்த முகத்தைக் கண்டதே இல்லை. சிரித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சட்டென்று கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். கல்யாண வீட்டுக்காரன் பந்திக்கு அழைப்பதுபோல் கைகூப்பினான்.

"விருந்தாளிங்க வாசல்ல நிக்கையில நான் மட்டும் எப்படித் திங்கிறது? வாங்க முருகையாண்ணே! ராக்கம்மா, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வா! மங்கம்மா... வாம்மா, நீதாம்மா மொதல்ல!"

குரல் உடைந்தது. மங்கம்மா கைப்பிள்ளையோடு கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே சிரட்டையும் தகரத் தட்டுமாக லயமே வந்தது. தம்பிராஜா அறை விழுமென்று பயந்து அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, படம் பிடிப்பவனிடம் நிறுத்தாதே என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

தாயம்மா நிமிரவே இல்லை. அகப்பை பானையின் அடியைத் தட்டும்வரை பரிமாறினாள். படப்பிடிப்பு முடிந்ததும் சிப்பாய் ஒருவன் பானையை ஏற்ற வந்தான். கனமாக இருக்குமென்று இரண்டு கையாலும் தூக்கியவன் தடுமாறிப் பின்னால் போனான். லயம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரியும் சேர்ந்து சிரித்துவிட்டான்.

"ஏங்க, அம்புட்டும் நடிப்பா?" என்று தாயம்மா மெல்லக் கேட்டாள்.

மகள் தட்டை வழித்துச் சாப்பிடுவதைச் சன்னாசி பார்த்துக்கொண்டிருந்தான்.

"மங்கம்மா பேரச் சொல்ற வரைக்கும் நடிப்புதான்லா. அப்புறம் எனக்கே அழுகைய நிறுத்தத் தெரியல."