வியாழக்கிழமை வண்டி

லாயிட் ஸ்டிடமின் வலது பாதம் மரத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. சர்க்கரை வியாதி. வியட்நாம் காட்டில் இலையெல்லாம் உதிரட்டும் என்று விமானத்திலிருந்து ஒரு மருந்தைத் தெளித்தார்களே, அது கொடுத்த சீதனம். அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டு வைத்தியமும் உதவித்தொகையும் தருகிறது. "டாக்டர், கால் மரத்துப்போச்சு" என்று வாயைத் திறந்து சொன்னால் போதும். அதைத்தான் லாயிட் சொல்லவில்லை. சொன்னால் வேனை ஓட்ட விடமாட்டார்கள்.

வேன், முன்னாள் படைவீரர் சங்கம் கொடுத்தது. கென்டக்கி மலையில் இவர்கள் ஊரிலிருந்து படைவீரர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேர வளைவுப் பாதை, நெடுக நிலக்கரி லாரிகள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் லாயிட்தான் கூலியில்லாமல் ஓட்டுகிறார். மூன்று நாளும் டெல்பர்ட்டுக்கு மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. லாயிட்டோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பஸ்ஸில் படைக்குப் போனவர் அவர். பின்சீட்டில் ஆர்லீன் அம்மாள், வளைகுடாப் போரில் படைக்குச் சமைத்துப் போட்டவர். கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வருவார். பார்வை மங்கினாலும் வாய் மங்கவில்லை.

ஊர் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நவம்பரில் படைவீரர் தினத்தன்று பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடிப்பார்கள். ஓட்டலில் காலைச் சாப்பாடு ஓசி. கையைப் பிடித்து நன்றி சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் வேன் ஓட்ட இன்னொருத்தர் வேண்டும் என்று தேவாலயத்துப் பலகையில் ஒரு வருஷமாக எழுதிக் கிடக்கிறது, ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நன்றி சொல்ல அரை நிமிஷம் போதும், வண்டி ஓட்ட நாள் முழுக்க வேண்டுமே!

போன வாரம் இறக்கத்தில் வரும்போது முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. லாயிட் பிரேக்கை மிதித்தார். மிதித்தது பிரேக் இல்லை. வேன் சீறிக்கொண்டு பாய்ந்தது. கைப்பிரேக்கை இழுத்து, பாறையில் உரசி, எப்படியோ நிறுத்தினார்.

"யோவ் லாயிட், காப்பி குடிக்கக் குடுத்தியா, குளிக்கக் குடுத்தியா?" என்றார் ஆர்லீன், மேலே கொட்டிய காப்பியில் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே.

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. டெல்பர்ட் முன்சீட்டில் உட்கார்ந்து லாயிட்டின் பாதத்தையே பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. படையில் இருந்தவர்களின் பழக்கம் அது. கூட இருப்பவனை மேலே போட்டுக்கொடுப்பது கிடையாது. படைச் சட்டையைக் கழற்றி ஐம்பது வருஷம் ஆனாலும் அந்தப் பழக்கம் கழலாது. லாயிட் அதை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்றையிலிருந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. ஓட்டினால் மூன்று பேரும் பள்ளத்தில். ஓட்டாவிட்டால் டெல்பர்ட் மண்ணுக்குள். முன்னே போனால் கடிக்குது, பின்னே போனால் உதைக்குது. பயமாக இருந்தது. எழுபத்தைந்து வயதில் பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தச் செவ்வாய்க்கிழமை டிரைவர்களுக்கான வருஷப் பரிசோதனை. டெல்பர்ட்டை மெஷினிலும் ஆர்லீனைக் கண் டாக்டரிடமும் விட்டுவிட்டு, லாயிட் நன்றாகச் சவரம் செய்த முகத்தோடு, பளபளக்கும் பூட்ஸோடு போய் உட்கார்ந்தார். சோதனை அவருக்குப் பழக்கம்தான். மெல்லிய நைலான் நூலால் பாதத்தைத் தொடுவார்கள், தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். லாயிட் நூலைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். போன மூன்று தடவையும் அப்படித்தான் ஒப்பேற்றினார்.

டாக்டர் ப்ரூயிட் அவருக்கு மகள் வயது. "கண்ணை மூடிக்குங்க, மிஸ்டர் ஸ்டிடம்" என்றார்.

"கண்ணைத் திறந்து வெச்சே பழகினவன் டாக்டர் நான்."

"ரெண்டு நிமிஷம்தான். எதிரி வந்தா நான் சொல்றேன்."

மூடினார். ஒரு மூச்சு விட்டு, "தெரியுது" என்றார். இன்னொரு மூச்சு. "தெரியுது." மூன்றாவது தடவை கொஞ்சம் தயங்கி, நம்புகிற மாதிரி, "லேசா... ஆங், தெரியுது."

அப்புறம் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "கண்ணைத் திறங்க."

டாக்டரின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. நூல் மேசைமேல் டப்பாவுக்குள் இருந்தது.

"நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலையே" என்றார் டாக்டர்.

லாயிட்டுக்குக் காது சூடேறியது. திருட்டு முழி முழிப்பது தனக்கே தெரிந்தது. "யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்காங்க."

"அதை விடுங்க. இதுக்கு வைத்தியம் உண்டு, பணம் உண்டு, வீட்டுக்கு வந்து பாத்துக்க ஆள்கூட உண்டு. எல்லாம் உங்களுக்குச் சேரவேண்டியது. ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் மேடம். சாவியை மட்டும் விட்டுடுங்க. டெல்பர்ட்டுக்கு வேற வண்டி கிடையாது."

"அவருக்கு வேற வண்டி கேட்டு இப்பவே எழுதறேன். ஒரு மாசம் ஆகலாம்."

"ஒரு மாசமா! ரெண்டு தடவை மெஷினுக்கு வரலேன்னா அவன் செத்துடுவாம்மா!" என்று லாயிட் கத்திவிட்டார்.

டாக்டரின் கண் கலங்கியது. ஆனாலும் சாவிக்காக நீட்டிய கையை மடக்கவில்லை. இன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வேனை ஊர்வரைக்கும் ஓட்டுவார் என்றார். லாயிட் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கீழே கூடத்தில் டெல்பர்ட் கையில் கட்டோடு பெஞ்சில் இருந்தார். ஆர்லீனுக்கு ஒரு கண்ணில் பஞ்சு. லாயிட்டின் முகத்தைப் பார்த்ததும் டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான்டா சொன்னேன். மெஷின் நர்ஸ்கிட்ட."

லாயிட் அடித்துவிடுவார் போல நின்றார். "மடையா! உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியேடா! நாளன்னிக்கு உன்னை யாருடா கூட்டிட்டு வருவா?"

"தெரியல."

"அப்புறம் எதுக்குடா சொன்ன?"

"அன்னிக்கு இந்த அம்மா பின்னால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. உனக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. நான் எப்படியும் போறவன். என்னை ஏத்திட்டு வர்றேன்னு நீங்க ரெண்டு பேரும் எதுக்குடா சாகணும்?"

"நான் எங்க அழுதேன்? காப்பி சுட்டுச்சு" என்றார் ஆர்லீன்.

லாயிட் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். டெல்பர்ட்டின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

அப்போது நேரம் குறித்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் லாயிட்டின் பெயரைக் கூப்பிட்டாள். வேலைக்குப் புதிது போல, முகமெல்லாம் சிரிப்பு. "கால் டாக்டர்கிட்ட வியாழக்கிழமைக்கே நேரம் வாங்கிட்டேன் சார். நீங்க வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. கூட்டிட்டு வர ஆள் இருக்கா?"

"இல்லை."

"கவலையே வேணாம். உங்க ஊர்ல படைவீரர்களுக்குன்னே ஒரு வேன் இருக்காம். நானே ஃபோன் போட்டுத் தரேன்."

லாயிட் தடுக்குமுன் அவள் எண்களை அழுத்திவிட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி மணி அடித்தது. இரண்டு மணி நேரத் தொலைவில், ஆளில்லாத வீட்டில், லாயிட்டின் சமையலறையில் அடிக்கிற மணி. பிறகு பதிவு செய்த குரல் வந்தது. லாயிட்டின் குரல்தான், தெம்பான குரல்.

"வேனுக்குத்தானே? பேரையும் நாளையும் சொல்லிட்டு வைங்க. மழையோ பனியோ, வாசல்ல வந்து நில்லுங்க, நான் வந்துடுவேன். இதுவரைக்கும் ஒருத்தரையும் விட்டுட்டுப் போனதில்ல."

"வியாழக்கிழமை, ஸ்டிடம்னு ஒருத்தர்" என்றாள் அந்தப் பெண் ஃபோனில். பெஞ்சில் இருந்த டெல்பர்ட்டைப் பார்த்துவிட்டு, "அவரும் வராரா? அப்போ ரெண்டு பேர்" என்று சேர்த்துச் சொல்லி வைத்தாள். "குரலைக் கேட்டாலே தெரியுது சார், நல்ல மனுஷன். கண்டிப்பா வந்துடுவாரு."

பெஞ்சில் டெல்பர்ட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"அவன் வரமாட்டாம்மா" என்றார் லாயிட். "எனக்கு அவனை நல்லாத் தெரியும்."