சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு

மடித்த சீட்டைப் பிரித்துப் படித்த சிம்மாசலம் அதை மறுபடி மடித்துவிட்டான். ஃப்ளைவீல், அதே கனத்த இரும்புச் சக்கரம். லென்ஸ், ஊசல், காந்தம் என்று தட்டில் எத்தனையோ சீட்டுகள் கிடந்தன. அரசவல்லி கோயில் சூரியனுக்கு நேர்ந்துகொண்டதில் ஏதோ குறை வைத்துவிட்டான்.

ஸ்ரீகாகுளம் கல்லூரி ஆய்வகத்தில் இந்த இயற்பியல் செய்முறைப் பரீட்சைக்கு அவன் வந்து நிற்பது மூன்றாவது முறை. இதிலும் போனால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான், இனி வாய்ப்பில்லை என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. முதல் தடவை நூலை அச்சின் முளையில் வெறுமனே மாட்டாமல் இறுக்கிக் கட்டித் தொலைத்தான். கீழே போன எடைக்கல் சக்கரத்தோடு திரும்பிச் சுற்றிக்கொண்டு முழங்காலுக்கு ஏறி வந்தது. இரண்டாம் தடவை கேள்வி கேட்டதும் வாய் கட்டிப்போயிற்று. இப்போது கல்யாணமாகி முன்மண்டை முடியும் வெளுத்துவிட்டது. கூடப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாமா என்றார்கள். மீசையை மழித்துப் பார்த்தான். மீசையில்லாத மாமா ஆனதுதான் மிச்சம்.

"மறுபடி அதேதானா மாமா?" பக்கத்து மேசை ஹைமாவதி கிசுகிசுத்தாள்.

"போன ஜென்மத்துல செக்குமாடா இருந்திருப்பேம்மா."

நூலை முளையில் வெறுமனே மாட்டி, அச்சில் சுற்றி, எடையை விட்டான். டொம்மென்று தரையில் விழுந்தது. நூல் சமர்த்தாகக் கழன்றுகொண்டது. கையிலிருந்த நிறுத்து கடிகாரத்தை அழுத்தினான். இனி சக்கரம் நிற்கும்வரை சுற்றுகளை எண்ண வேண்டும், அவ்வளவுதான். விளிம்பில் போட்ட சாக்பீஸ் கோடு மேலே வந்து வந்து போயிற்று. ஐம்பதுக்குள் களைத்துவிடும் கிழட்டுச் சக்கரம், அறுபதிலும் புதுமாப்பிள்ளை மாதிரி சுற்றியது. பரிதாபமாக அட்டெண்டர் பைடிராஜுவைப் பார்த்தான்.

"காலைலதான் எண்ணெ போட்டேன்" என்றார் அவர் பெருமையாக. "வெளியூர் சார் வந்திருக்காருல்ல, கிரீச்சுனு கத்தினா நமக்குத்தானே அசிங்கம்."

எண்பதைத் தாண்டியபோது அந்த வெளியூர் சார், விஜயநகரத்திலிருந்து வந்த தேர்வாளர், பக்கத்தில் வந்து நின்றார். காலையிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"டார்க்னா என்னய்யா, திருப்புவிசை?"

எண்பத்து மூன்று. வாயைத் திறந்தால் எண்ணிக்கை போகும், மூடினால் மார்க் போகும். எண்பத்து நான்கு.

"காது கேக்கலியா? சரி, கதவுக்குக் கைப்பிடிய எதுக்குக் கீல்லேர்ந்து அவ்ளோ தள்ளி வெக்கறாங்க?"

வீட்டுச் சமையலறைக் கதவு நினைவுக்கு வந்தது. கீலோரம் அவன் தோளால் முட்டினாலும் அசையாது. மனைவி ரமணம்மா இடுப்பில் குடத்தோடு வந்து, மறுகோடியைக் காலால் தட்டுவாள், திறந்துகொள்ளும். கதவுக்கும் அவளிடம்தான் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"பலம் ஒண்ணுதான் சார்," என்றான். "கீல் பக்கத்துல தள்ளினா கதவு நம்மள மதிக்காது. தூரமாப் போய்த் தள்ளினா அதே பலத்துக்குத் திரும்பும். பலத்தையும் தூரத்தையும் பெருக்கினா டார்க்."

"எந்தத் தூரம்?"

"கீல்லேர்ந்து, பலம் போற கோட்டுக்குச் செங்குத்தா சார்."

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. எண்ணிக்கை போய்விட்டது. கையில் கடிகாரம் வியர்வையோடு ஓடிக்கொண்டிருந்தது. காலில் விழுந்தாவது இன்னொரு தடவை கேட்கலாமென்று நிமிர்ந்தான்.

தேர்வாளர் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறாரா, ஏதாவது சுலோகம் சொல்கிறாரா தெரியவில்லை. கோடு மேலே வரும்போதெல்லாம் அவர் உதடு லேசாக அசைந்தது. அவர் எண்ணைச் சொன்னால் எழுதிக்கொள்ளச் சிம்மாசலம் பேனாவை எடுத்துக்கொண்டு நின்றான். சக்கரம் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.