கோதில்லா முட்டைகளின் வருடம்

1998ஆம் ஆண்டு தை மாதம் வன்னியின் உடையார்கட்டில், பிரேமினி குடியிருந்த ஒழுங்கையின் கோழிகள் எல்லாம் கோதில்லாமல் முட்டை இடத் தொடங்கின. மெல்லிய சவ்வுக்குள் மஞ்சள் கரு ஆடுவது வெளியே தெரியும். மண்ணெண்ணெய் விலையைப் போல அதையும் சனம் இரண்டு நாள் கதைத்துவிட்டுப் பழகிக்கொண்டது. "உடைக்கிற வேலை மிச்சம், பிள்ளை. சட்டிக்குள்ள வழுக்கி விட்டால் சரி" என்று பக்கத்து வளவு இளையதம்பி கம்சாவிடம் பகிடி விட்டார். கம்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. அக்கா பிரேமினிக்கு ஐந்தாம் மாதம். முல்லைத்தீவுக் கரையில் கம்சாவைப் பெற்ற கிழமை, தாயின் விரல்கள் கொக்கின் அலகுபோலக் குவிந்து இறுகி, வலிப்பு வந்து, ஆசுபத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது. இரத்தத்தில் கல்சியம் நிற்காத குறை அது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. இப்போது பிரேமினியின் விரல்களும் குவிந்தன. வயிற்றுப்பிள்ளை எலும்புக்குக் கேட்டதை அக்காவால் கொடுக்க முடியாமல் அயல் கோழிகள் கொடுக்கின்றன என்று கம்சா விளங்கிக்கொண்டாள். ஓர் ஒழுங்கைக் கோழி போதாது என்பதும் விளங்கியது. யாருக்கும் தெரியாமல் தன் விரல்களையும் நீட்டி மடக்கிப் பார்த்தாள்.

மருத்துவமாது ஞானேஸ்வரி பிரேமினியை ஆசுபத்திரி அப்போதிக்கரியிடம் கூட்டிப்போனார். அவர் எழுதிய குளிசை போர்த் தடையால் வன்னிக்குள் இல்லை. புருசன் அன்ரன் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்து, வவுனியாவில் பதினொரு நாள் காத்திருந்து, கல்சியமும் விற்றமினும் கொண்டுவந்தான். விரல்கள் விரிந்தன. வைகாசியில் அனிற்றா பிறந்தாள். மறுநாளே கோழிகள் கோதோடு இட்டன. "பால் குடுக்கேக்க குளிசையைக் குறைக்கோணும், வந்து இரத்தம் சோதியுங்கோ" என்று ஞானேஸ்வரி சொன்னதை அன்ரன் தட்டுப்பாட்டுக் கதையாகவே எடுத்தான். சவர்க்காரத்தையும் பற்றரியையும் குறைக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவன் காது புளித்திருந்தது. "குறைக்கிறதெண்டால் இல்லாதவை குறைக்கட்டும். எங்களிட்ட இருக்குத்தானே!" என்று வேளை தவறாமல் கொடுத்தான்.

மூன்றாம் கிழமை முட்டைகளை உடைக்கக் கோடரி தேவைப்பட்டது. குஞ்சுகள் உள்ளேயிருந்து தட்டிக் களைத்தன. பிரேமினி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், சத்தி எடுத்தாள், ஒரு காலை பிள்ளையின் பெயரை மறந்துபோனாள். குளிசையை நிறுத்தினால் தாயின் குவிந்த கை அக்காவுக்குத் திரும்பி வரும் என்று கம்சா பயந்தாள். கொடுத்தாலோ அக்கா கல்லாகிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு முட்டையைச் சட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள். ஞானேஸ்வரி அதை மேசையில் தட்டினார், மேசைதான் பள்ளமானது.

"ஐயோ பிள்ளை, பால் குடுக்கிற உடம்பு தன்ர எலும்பிலயிருந்து தானே எடுத்துக் குடுக்கும். அதுக்குமேல குளிசையும் முழுக்கப் போட்டால்?"

"அப்ப நிப்பாட்டினால் அம்மா மாதிரி..."

"அதுக்குத்தான் இரத்தம் பாக்கிறது. ஏறு, போவம்."

ஆசுபத்திரியில் பிரேமினிக்குச் சேலைன் ஏற்றி, குளிசையைச் சில நாள் நிறுத்தி, பிறகு இரத்தம் பார்த்துப் பார்த்து அரைவாசியாகக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் முட்டை சட்டி விளிம்பில் உடைந்தது. பிரேமினி பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை பால் மறந்த பிறகு குளிசை மீண்டும் கூடியது. அன்ரன் அதற்குள் இரண்டு தரம் வவுனியா போய் வந்திருந்தான். அந்தச் சோதனைகளோடு கம்சாவின் இரத்தத்தையும் பார்த்தபோது அவளுக்கும் அதே குறை இருப்பது தெரிந்தது.

2001இல் கம்சா கலியாணம் கட்டி நாலாம் மாதம், அவளுடைய கோழி இட்ட முட்டை உள்ளங்கையில் தொளதொளத்தது. அவள் அதைச் சட்டிக்குள் வழுக்கி விட்டு, பொரித்துச் சாப்பிட்டு, கை கழுவி, ஞானேஸ்வரியிடம் பிள்ளைத்தாச்சியாகப் பெயர் பதியச் சைக்கிளில் போனாள்.