பல்லி சாட்சி

பக்கத்து வீட்டு அலாவுதீன் ஸ்டூலில் ஏறியதும் ஜெயலெட்சுமி ஓடிப்போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது.

"இப்ப புடிக்கிறா பாரு," என்றாள் நல்லம்மா அத்தை. "அன்னிக்குப் புடிச்சிருந்தா எங்கண்ணன் இப்படிக் கெடப்பாரா?"

கீச் என்று ஒரு சத்தம் வந்தது.

அத்தை உடனே விரலை மடக்கித் தரையில் டொக் டொக்கென்று தட்டினாள். "பல்லி சொல்லுது. நான் சொல்றது உண்மைதான்." சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் சேர்ந்து தட்டினார்கள்.

கூடத்தின் நடுவே பக்கிரிசாமி கிடத்தப்பட்டிருந்தார். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. ஜெயலெட்சுமிக்கு மாமனார். ஸ்டூலிலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, பெரியாஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே கிடந்து, இன்று விடியற்காலையில் போய்விட்டார். உடலை ஜெலுத்தோங் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய தங்கை நல்லம்மா அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி பிடித்து வந்து வாசலில் நின்றாள். ஒரு பாட்டம் அழுது முடித்தவள் விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"அது பல்லி இல்ல அத்தை. ஸ்மோக் அலாரம். பேட்டரி வீக்கானா அப்படித்தான் கத்தும்," என்று ஜெயலெட்சுமி காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். அத்தையா கேட்பவள்? சிலிங்கில் ஒட்டியிருக்கும் வெள்ளை டப்பா பேசும் என்பதைவிடப் பல்லி பேசும் என்பதை நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

டப்பாவை ராமதாஸ்தான் போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தான். ஜெயலெட்சுமியின் புருஷன், பாயான் லெப்பாஸ் பேக்டரியில் சூப்பர்வைசர். அங்கே பெரிய பெரிய மெஷினையெல்லாம் மேய்ப்பவனுக்கு வீட்டில் ஓர் ஆணி அடிக்க நேரம் கிடைக்காது. டப்பா கத்தத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நாளைக்குப் பாக்கலாம் லா" என்பான். பொறுத்துப் பார்த்த மாமனார் ஒருநாள் தானே கடைக்கு நடந்துபோய்ப் பேட்டரி வாங்கி வந்தார்.

அப்போது ஜெயலெட்சுமிதான் ஸ்டூலைப் பிடித்தாள். ஏறினார், மாட்டினார், இறங்கினார். "முடிஞ்சிச்சும்மா. இனிமே நிம்மதியாத் தூங்கலாம்," என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கீச்.

டிவியில் பந்து மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ராமதாஸ் தலையைத் திருப்பாமலே சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. "சரியா மாட்டியிருக்க மாட்டீங்க. இன்னொரு தடவ ஏறிப் பாருங்கப்பா."

அவள் கரண்டியோடு ஓடி வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

இன்று காலை அத்தை கேட்டபோது அதே ராமதாஸ் அப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "நான் வீட்டுலயே இல்ல அத்தை. கடையில சாப்பிட மீ கோரெங் வாங்கப் போயிருந்தேன். ஜெயாதான் இருந்தா," என்றான். அதற்கும் கீச் என்றது. அத்தை அதற்கும் தட்டினாள். ஊருக்கு முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்க ஜெயலெட்சுமிக்கு நாக்கு எழவில்லை. துக்கத்தில் உளறுகிறான், சற்று நேரத்தில் அவனே மாற்றிச் சொல்வான் என்று காத்திருந்தாள். உச்சிப்பொழுது ஆகியும் அவன் சொல்லவில்லை.

அலாவுதீன் டப்பாவைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். மூடியைத் திறந்து பார்த்தான்.

"பேட்டரி புத்தம் புதுசுக்கா. சரியாத்தான் மாட்டியிருக்காரு."

"எடுத்துருங்க பாய்," என்றாள் ஜெயலெட்சுமி.

எடுத்தான். உள்ளே கரண்ட் மிச்சமிருந்தால் தீரட்டும் என்று பட்டனையும் அழுத்திப் பிடித்தான். பேட்டரி ஒரு கையிலும் டப்பா ஒரு கையிலுமாக அவன் நிற்கும்போதே மறுபடியும் கீச். டப்பாவை வாசலுக்குக் கொண்டுபோய்க் காதில் வைத்துக் கேட்டான். சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"இது இல்லக்கா," என்றான் குழம்பிப்போய்.

"நாந்தான் சொன்னேனே, பல்லின்னு," என்றாள் அத்தை.

ராமதாஸ் கூப்பிட்டான். "ஜெயா, அப்பா படம் ஒண்ணு எடு. விளக்குப் பக்கத்துல வைக்கணும்."

டிவிக்குக் கீழே ஷோகேஸின் அடி அறையில்தான் ஆல்பங்கள் இருந்தன. அவள் மண்டியிட்டு அவற்றை வெளியே எடுத்தாள். பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. அவள் முகத்துக்கு நேராக அது கீச் என்றது.

இன்னொரு டப்பா. ஜோடியாக வாங்கினால் மலிவு என்றும், இது அப்பா ரூமுக்கு என்றும் ராமதாஸ் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கடையில் சோதித்துப் பார்க்கப் போட்ட பேட்டரி அப்படியே கிடந்து இப்போது செத்துக்கொண்டிருந்தது. மாமனார் முதல் தடவையே சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். இரண்டாவது தடவை ஏறியது ஒன்றுமில்லாததற்கு. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

படத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ராமதாஸை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அவன் பெட்டியைப் பார்த்தான்.

"இத எங்க எடுத்த?"

"நீங்க வச்ச எடத்துலதான்."

அடுப்பு மூட்டாத அடுப்படியில் இருவரும் நின்றார்கள். அவன் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பேட்டரிய கழட்டிரு. அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லாத. காரியம் முடியட்டும், நானே சொல்றேன்."

"எப்ப? நாளைக்கா?"

அவன் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். ராமதாஸ் தோளில் ஈரத்துண்டும் கையில் கொள்ளிச்சட்டியுமாக முன்னால் நடந்தான். "அப்பா, அப்பா" என்று அவன் கதறியதைப் பார்த்துத் தெருவே அழுதது. அது பொய் அழுகை இல்லை என்று ஜெயலெட்சுமிக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் கசந்தது.

சவ வண்டி போனதும் பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். அவள் பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்து ஷோகேஸின் மேல் டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்தாள். கீச் என்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கிட்டே போனாள். இன்னொரு தடவை அது கத்தும்வரை குனிந்து நின்றாள்.

"இதுவா கத்துது?"

"ஆமா அத்தை."

"இங்க எப்படி வந்துச்சு?"

ஜெயலெட்சுமி நிறைந்த வாளியைத் தூக்கிவந்து வைத்தாள்.

"சரி, நிறுத்தித் தொலை. நிறுத்தத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அவரு வரட்டும்."

மாமனாரைக் கிடத்தியிருந்த இடத்தில் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் வாசல் பக்கம் தள்ளினாள்.