சன்னலோர நாற்காலி

எங்கள் அமைதி மையத்தில் திட்டக் கூட்டம் நடந்தால் சன்னலோர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எதிர்த்துப் பேச வேண்டும். என் மனைவி கொண்டுவந்த வழக்கம் அது. பெரும்பாலும் அவளே உட்காருவாள். அவள் இறந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில் அந்த நாற்காலியைத் துடைத்துக் காலியாக விட்டிருந்தார்கள்.

அடுத்த மூன்று வருடத் திட்டத்தைத் தலைவர் படித்தார். ஒன்றோடொன்று சண்டை போடும் இரண்டு தெருக்களின் பெண்களும் சேர்ந்து துணி தைக்கும் கூடத்தை மூடிவிட்டு, அங்கே பயிற்சி அரங்கு கட்டுவதாம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஒருத்தருமே எதிர்க்கலையா? நாம என்ன பூம்பூம் மாடா?" என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா.

நான் எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தம்பி, அது அவங்க இடம்," என்றார் தலைவர் மெதுவாக.

"அவ இருந்திருந்தா இந்நேரம் உங்களை உண்டு இல்லைனு பண்ணியிருப்பா சார்."

யாரோ சிரித்து, பாதியில் அடக்கிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"போன தடவை கல்லெறி நடந்தப்போ நடுவுல வந்து நின்னது அந்தத் தையல்காரப் பொம்பளைங்கதான். கூடத்தை மூடிட்டா அவங்க எங்க பேசிப்பாங்க?"

தலைவர் திட்டத்தில் கூடத்தை மூடும் வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். பக்கத்தைத் திருப்பினார்.

"எந்திரிக்காதீங்க தம்பி. இன்னும் நிறைய இருக்கு."